ஆள் நிரம்பாத சஹன்

அப்துல் ஹமீட் ஹாஜியாருக்கு இரண்டு மகள்மார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஆகவே இரண்டு மருமக்களும் கல்முனையில் அவருடைய வளவுக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் நஸீறாவுக்குக் கொடுத்தது ஓட்டு வீடு. இளையவள் றுஸ்தாவுக்குக் கட்டும்போது ஹாஜியாரின் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது; மேல்மாடியும் வைத்து, கீழே டைல்ஸும் பதித்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவு மதில். பார்க்கவும் முடியும், பார்க்கவில்லை என்று சொல்லவும் முடியும்.

மூத்த மருமகனை வெறுமனே முபாறக் என்று சொன்னால் ஊரில் ஆளைத் தெரியாது. ‘குளோபல் விஷன் இன்டர்நேஷனல் கெம்பஸ்’ பணிப்பாளர் நாயகம், ‘தொழில்நுட்பச் சுடர்’ முபாறக் சேர் என்று சொல்லவேண்டும். கெம்பஸ் என்பது பிரதான வீதியில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலேயுள்ள இரண்டு அறை. ‘தொழில்நுட்பச் சுடர்’ பட்டத்தை அவருக்கு வழங்கியது ஒரு கலை இலக்கியப் பேரவை. அந்தப் பேரவையின் செயலாளரும் முபாறக் சேர்தான். தகுதியானவரைத் தெரிவுசெய்வதற்குக் கூடிய கூட்டத்தில் தன் பெயர் வந்ததும் அவர் நாகரிகமாக எழுந்து வெளியே போய் நின்றார். உள்ளே மிச்சம் இருந்தது பொருளாளர் மட்டும். அவருக்கு அந்த வருசம் ‘சமூகச் சுடர்’ கிடைத்தது.

அந்த வளவில் கம்பியூட்டர் என்றால் நெடுங்காலமாக முபாறக்தான். ஹாஜியாரின் போன் படுத்துவிட்டால் “மூத்த மருமகனக் கூப்பிடுங்க” என்று சத்தம் வரும். முபாறக் வருவார். போனைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். “சிஸ்டத்துல ஒரு இஷ்யூ இரிக்கி மாமா” என்பார். பிறகு அதை அணைத்துத் திரும்பப் போடுவார். வேலை செய்யும். ஹாஜியார் சுற்றியிருப்பவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார்.

இதற்கெல்லாம் கூலி ஒன்று இருந்தது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, ஆறு பேர் சுற்றிக் குந்திச் சாப்பிடுவதைத்தான் சஹன் என்கிறோம். யார் யாருடைய சஹனில் குந்துகிறார்கள் என்பதுதான் எங்கள் ஊரின் உண்மையான வாக்காளர் இடாப்பு. கந்தூரியோ கலியாணமோ, ஹாஜியாருடைய சஹனில் அவருக்கு வலப்பக்கம் முபாறக்குக்கு. வேறு யாரும் அந்த இடத்தில் குந்த யோசிப்பதுகூட இல்லை.

பிறகு றமீஸ் வந்தான்.

நற்பிட்டிமுனைப் பொடியன். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை. றுஸ்தாவைக் கலியாணம் முடித்த கையோடு வேலையையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். பட்டப்பகலில் இடுப்பில் சாரனோடு மேல்மாடி வராந்தாவில் குந்தி மடிக்கணினியைத் தட்டுவான். அந்த வெயிலில் கோட்டும் டையுமாகக் கெம்பஸுக்குப் புறப்படும் முபாறக்குக்கு அந்தச் சாரனைக் கண்டாலே வயிறு எரியும். உழைக்கிறவன் வியர்க்கவேண்டும், அல்லது குறைந்தபட்சம் டை கட்டவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

றமீஸ் அடக்கமானவன் என்று எல்லாரும் சொன்னார்கள். அவனும் அது காதில் விழுகிற தூரத்தில்தான் நிற்பான். யாராவது பாராட்டினால் “சும்மா சின்ன விசயம்தான்” என்பான். மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தில்.

அப்படி ஒரு சின்ன விசயத்தை அவன் செய்தான். இணையத்தில் ஒரு பக்கம் திறக்கவேண்டும், ஆட்களுக்குச் செய்தி போகவேண்டும், பதில் வந்தால் இன்னது நடக்கவேண்டும் என்றால் அதற்கென்று ஒரு மொழி படிக்கத் தேவையில்லை. வாயால் சொல்கிற மாதிரி எழுதினால் போதும். எழுத அலுப்பென்றால் சொன்னாலும் போதும், அதுவே எழுதிக்கொள்ளும், குரலையும் கூடவே வைத்துக்கொள்ளும். அந்த மென்பொருளுக்கு அவன் வைத்த பெயர் ‘சஹன்’.

ஹாஜியாருக்குச் சவளக்கடை வட்டையில் வயல். வாய்க்காலில் தண்ணி எப்போது திறப்பார்கள் என்று தெரியாமல் மோட்டார்சைக்கிளில் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக மனிதர் ஒரு போகம் முழுக்க அலைந்திருந்தார். ஒரு பின்னேரம் றமீஸ் அவருடைய போனை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதினான்:

சஹன் வை: வாய்க்கால்.
கூப்பிடு: சவளக்கடை வயல்காரர்.
தண்ணி திறந்தா: எல்லாருக்கும் சொல்லு.
திறக்காட்டி: வட்டவிதானைட நம்பரக் குடு.

புரோகிராம் அவ்வளவுதான். அடுத்த நாள், வாய்க்காலுக்குப் பொறுப்பான விதானை தன் போனில் ‘திறந்தாச்சு’ என்று ஒரு சொல்லைப் போட, வட்டையில் வயல் வைத்திருக்கிற எல்லாருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது. ஹாஜியாருடையதும்.

“இதுவா கம்பியூட்டர்?” என்றார் அவர். “இது நாம கதைக்கிற கதையெல்லுவா!”

முபாறக் பக்கத்தில்தான் நின்றார். “மாமா, இது ஒரு பேசிக் லெவல் சாமான். எட்வான்ஸ்டா பாத்தா...”

“ஓம் மருமகன், பேசிக்தான். அதான் எனக்கும் விளங்கிட்டு.”

அடுத்து ஒரு வீட்டில் குர்ஆன் ஓதி வைத்த கத்தம் சாப்பாட்டில் ஹாஜியாருக்கு வலப்பக்கம் றமீஸ் குந்தியிருந்தான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஹாஜியார் “இஞ்ச வாங்க மகன்” என்று கையைக் காட்டினார், அவன் குந்தினான். முபாறக்குக்கு அடுத்த சஹனில் இடம் கிடைத்தது. ஹாஜியாரின் முதுகு நன்றாகத் தெரிகிற இடம். அன்றைக்கு இறைச்சி நல்லாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். முபாறக் அதை நம்பவில்லை.

இத்தனைக்கும் அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. மூன்று வருசமாகச் செய்துவருகிறார். பெயர் ‘ஸ்மார்ட் மஸ்ஜித் 360’. பள்ளிவாசலுக்கும் ஊருக்கும் வேண்டிய எல்லாம் அதற்குள் இருந்தது. அதற்குள் போவதுதான் கஷ்டம். அடையாள அட்டை இலக்கம் கொடுக்கவேண்டும். மின்னஞ்சல் கொடுக்கவேண்டும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இலக்கமும் ஒரு குறியும் கலந்த கடவுச்சொல் வைக்கவேண்டும். எந்த நாடு என்று உலகத்து நாடுகள் எல்லாவற்றிலும் தேடி இலங்கையை எடுக்கவேண்டும். கடைசியில், நீங்கள் மனிதன்தான் என்று நிரூபிக்க, ஒன்பது படத்தில் எவற்றில் தெருவோரத் தீயணைப்புக் குழாய் இருக்கிறது என்று காட்டவேண்டும். 

பள்ளிவாசலை நிர்வகிக்கும் சபையில் ஒரு மரைக்கார் பஸால், புடைவைக் கடைக்காரர். அவர் ஒருநாள் முபாறக்கை வழியில் மறித்தார். “சேர், அந்தச் சிவப்புக் குழாய் எங்க இரிக்கி? நான் மட்டக்களப்பு மட்டும் போய்ப் பாத்திட்டன், ஒரு சந்தியிலயும் இல்ல.”

“அது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட் மரைக்கார்.”

“அப்ப நான் மனிசன் எண்டு காட்ட வெளிநாடு போகணுமா?”

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கு ஹாஜியார்தான் தலைவர். ஊரில் யாரும் இறந்தால் மையத்து அறிவித்தல், கூட்டத்துக்கு அழைப்பு, கந்தூரி வேலைப் பங்கீடு எல்லாவற்றுக்கும் ஊருக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று சபை தீர்மானித்தது. முன்னால் இருப்பது இரண்டு: மூத்த மருமகனுடைய 360, இளைய மருமகனுடைய சஹன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் சபையில் பேசவேண்டும், சபை ஒன்றை எடுக்கும். எடுக்கப்படுவது மென்பொருள் அல்ல, வலப்பக்கத்து இடம் என்பது முபாறக்குக்கு விளங்கியது. அது கைவிட்டுப் போனால் இனி அவர் அந்த வளவில் டை கட்டிய இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

புதன்கிழமை பின்னேரம் றமீஸ் வீட்டாட்களைக் கூட்டி மாமரத்தடியில் சஹனைக் காட்டினான். முபாறக் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ரோசா மரத்துக்குத் தண்ணி ஊற்றினார்.

“சஹன் எண்டா குறைஞ்சது ஆறு பேர்” என்றான் றமீஸ். “ஒருத்தர் போடுறது எல்லாருக்கும் தெரியும். மூடு எண்டு சொன்னாத்தான் மூடும்.”

“ஆள் நிரம்பாட்டி மகன்?” என்று மாமியார் கேட்டார்.

“நிரம்பாத சஹனுக்குச் சோறு வருமா மாமி? பரிமாறுறவங்க என்ன செய்வாங்க, வாசல்ல நிக்கிற ஆளப் புடிச்சுக் குந்தவைப்பாங்க. இதும் அப்படித்தான். நீங்க ஆரையும் கூப்பிடாட்டி, வீட்டுல உள்ளவங்க, கிட்டடியில கதைச்சவங்க எண்டு எடுத்து அதுவே நிரப்பிரும்.”

“அப்ப தனியக் கதைக்கிறதெண்டா?”

“தனியக் கதைக்க இன்டர்நெட் எதுக்கு மாமி?”

எல்லாரும் சிரித்தார்கள். முபாறக் சிரிக்கவில்லை. தான் கவனிக்கவில்லை என்று காட்டுவதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தபடியால், உண்மையிலேயே கவனிக்காமல் போய்விட்டார். ரோசா மரம் மட்டும் அன்றைக்கு ஒரு கிழமைத் தண்ணியைக் குடித்தது.

வியாழக்கிழமை காலையில் நஸீறா அவருடைய போனைத்தான் எடுத்தாள்; அவளுடையதில் சார்ஜ் இல்லை. அதில் சஹனை இறக்கி, பெரியநீலாவணையிலிருந்து வளவுக்கு மீன் கொண்டுவரும் பாக்கியராசா அண்ணனிடம் பாரை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று பதில் வந்தது. மீனும் வந்தது.

“என்ட போன்ல என்னத்துக்குப் புள்ள இதப் போட்ட?” என்று முபாறக் பாய்ந்தார்.

“உங்கட 360ல மீன் கேக்க ஏலுமா?”

“அது மீன் கேக்கிற சாமானில்ல. அது ஒரு பிளட்போம்.”

“பிளட்போமை ஆணம் வைக்க ஏலாதே” என்று சொல்லிவிட்டு அவள் மீனோடு கறி வைக்க உள்ளே போனாள்.

ஆனால் கெம்பஸில் போய்க் குந்தியபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாமான்தான் கைக்குள் இருக்கிறதே! உள்ளே போய்க் குறைகளைக் கண்டுபிடித்து, அதிலேயே நாளைய உரையையும் தயாரித்தால்? எதிரியின் கத்தியால் எதிரியையே. அசர் தொழுதுவிட்டு வந்து, படிக்க வந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, கதவைச் சாத்தினார். ‘சஹன் வை: பரிசோதனை’ என்றார். யாரையும் கூப்பிடவில்லை. போன் ஒரு கணம் யோசித்தது. பிறகு ‘சஹன் வைத்தாயிற்று, கதையுங்கள்’ என்றது.

முபாறக் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். டையைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹி வபறகாத்துஹு. கண்ணியத்துக்குரிய உலமாப் பெருமக்களே! எனது பாசத்துக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாமனார், நம்பிக்கையாளர் சபைத் தலைவர், அல்ஹாஜ் அப்துல் ஹமீட் அவர்களே! மரைக்காயர்மாரே, புத்திஜீவிகளே, பரோபகாரிகளே, வருங்காலத் தலைவர்களான வாலிபச் சிங்கங்களே...”

குரல் நல்லாகத்தான் இருந்தது. அதை மறைக்கக்கூடாது. அந்த மனிதருக்கு ஆண்டவன் கொடுத்ததில் தவறாமல் வேலை செய்வது அது ஒன்றுதான். சொற்கள் திரையில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தன் பொன்னாடைப் படத்தைப் பார்த்துப் பேசினார்.

“இந்தச் சஹன் என்கின்ற மென்பொருளில் கடவுச்சொல் கிடையாது. கடவுச்சொல் இல்லாத மென்பொருள் கதவில்லாத கக்கூசுக்குச் சமம். இதில் ஆங்கிலம் கிடையாது. ஆங்கிலம் கிடையாத மென்பொருளை அனைத்துலகம் ஏற்குமா? இதில் நாடு தெரிவுசெய்ய வசதி கிடையாது. நாம் எந்த நாடு என்று...” 

அந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். அடுத்த குறை வரவில்லை. தண்ணி குடித்தார். அறைக்குள் நடந்தார். நடக்க நடக்க மேடைத் தமிழ் கழன்று விழுந்தது.

“ஆரு இவன்? நேத்து வந்தவன். சாரனோட வராந்தாவுல குந்துற. இவனுக்கு இஞ்சினியராம். முந்தி மாமாட போன் பழுதானா ஆரக் கூப்பிட்ட? என்னத்தான் கூப்பிட்ட! இப்ப பழுதாகிறதே இல்ல. எப்படிப் பழுதாகும்? இவன் முன்னயே பாத்து வைக்கிற. மனிசன்ட புழைப்ப மண்ணாக்குற வேல. கத்தத்துல எனக்கு மாமாட முதுகு. அவனுக்கு முகம். மாமி அவனுக்குப் பாரைத் தலை வைக்கிற, எனக்கு வால். மூத்த மருமகனுக்கு வாலாம்! நஸீறாக்கும் அறிவில்ல, தங்கச்சிட மாப்பிள்ளைய ‘நல்ல புள்ள நல்ல புள்ள’ எண்டு... என்ட 360ல என்ன குறை? நல்ல சாமான். போன மாசம் என்னாலயே உள்ளுக்குப் போக ஏலாமப் போச்சு, அது வேற கத. அந்தக் குழாய்ப் படத்துல நானும் மூண்டு தரம் பிழைச்சிட்டன். அத ஆருக்கும் சொல்லப்படாது.”

இப்போதுதான் திரும்பிப் போனைப் பார்த்தார்.

அவர் சொன்ன கடைசிச் சொல்லுக்குக் கீழே ஆட்கள் குந்தியிருந்தார்கள்.

முதலில் மாமி: ‘மகன், தலை றமீசுக்கெண்டு வைக்கல்ல. முள்ளு தொண்டையில சிக்கும், வேணாம் எண்டு நீங்கதானே சொன்ன.’

பாக்கியராசா அண்ணன்: ‘சேர், நாளைக்கு ரெண்டு பாரை கொண்டாறன். தலை ரெண்டும் ஒரே அளவா எடுக்கிறன். கவலப்படாதீங்க.’

ஹாஜியார்: ‘மருமகன், உள்ளுக்குப் போக ஏலாத விசயத்தச் சபைக்குச் சொல்லத் தேவல்ல. சலாமும் முன்னுரையும் நல்லா இரிந்திச்சி.’

நஸீறா: ‘வீட்ட வாங்க.’

மற்ற மூன்று பதிலுக்கும் முபாறக் வியர்த்தார். இந்தப் பதிலுக்கு அவருக்குக் குளிரெடுத்தது.

ஆறாவது ஆள் றமீஸ். அவன் ஒன்றும் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் போன் காட்டியது. முபாறக் திரையைத் தட்டினார், தடவினார், போனைக் கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தினார். சஹன் அப்படியே திறந்து கிடந்தது. அப்போது அவனிடமிருந்து, அண்ணன் என்ற முறை மாறாமல், ஒரு வரி வந்தது: ‘காக்கா, மூடு எண்டு சொன்னாப் போதும்.’

றமீஸ் வைதிருக்கலாம். சிரித்திருக்கலாம். உதவி செய்தான், அதைத்தான் முபாறக்கால் தாங்க முடியவில்லை. “மூடு” என்றார், யாருக்கும் கேட்காத குரலில். போனுக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. கீழே பெயின்ட் கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, கடையை ஏன் மூடவேண்டும் என்று மேலே பார்த்துக் கேட்டார்.

நஸீறா வாசலிலேயே நின்றாள்.

“எனக்கு அறிவில்லையாம்.”

“அது ஒரு ஃப்ளோவுல வந்த புள்ள.”

“றுஸ்தா சிரிச்ச சத்தம் மதிலத் தாண்டி இஞ்சால வந்திச்சி. அவள்ட புருசன்ட போனப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா. ‘ராத்தா, மச்சானுக்கு வால் புடிக்காதாமே’ எண்டு கேக்கிறா.” உள்ளே போய் இறுக்கமாகக் குந்தினாள். “உங்களுக்கு மட்டுமா பொறாம? எனக்கு ஓட்டு வீடு, அவளுக்கு மேல்மாடி. எனக்குச் சீமெந்துத் தரை, அவளுக்கு டைல்ஸ். வழுக்கி விழுவாளா எண்டு நான் எத்தின நாள் பாத்துக்கிட்டு நிண்டிரிக்கன். ஒரு நாள் வாயத் திறந்தனா? பொறாமப்படுறதெண்டா பேசாமப் படணும். மைக் புடிச்சுப் படப்படாது.”

மனைவியை முபாறக் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு நிபுணரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நஸீறா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இல்ல, வெக்கம்தான். குளிச்சாப் போகும். போய்ட்டு வாங்க, போகாட்டி ஊர் முழுக்கக் கதைப்பாங்க.”

ஜும்ஆ முடிந்து சபை கூடியது. பாக்கியராசா அண்ணன் ஒருவருக்கும் சொல்லியிருக்கமாட்டார் என்று முபாறக் நம்பினார். பஸால் மரைக்கார் கைகொடுத்து, “சேர், இப்ப 360க்குள்ள போக ஏலுதா?” என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். “ரெண்டு பேரும் என்ட மருமக்கள். நான் பக்கம் சாய்ஞ்சன் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. சாமானப் பாத்துத்தான் எடுக்கிற. முபாறக் மருமகன் ஒரு வகுப்பும் எடுக்காம, ஒருத்தரிட்டயும் கேக்காம, சஹன் வச்சு, ஆறு பேர இருத்தி, ஒரு பேருரையே செஞ்சிட்டாரு. அவருக்கே லேசெண்டா ஊருக்கும் லேசுதான்.”

சஹனுக்காக உயர்ந்த கைகளை முபாறக் எண்ணவில்லை. பாயின் ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம், முதுகு, முகம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்.

“ஆனா ஒரு சிக்கல்” என்றார் பஸால். “வயலுக்குள்ள நிக்கிறவன், கடலுக்குள்ள நிக்கிறவன், கண்ணாடி இல்லாத என்ட உம்மா, இவங்களெல்லாம் வாசிப்பாங்களா? அறிவித்தல் காதுல விழணும்.”

“குரல் போடலாம்” என்றான் றமீஸ். “கம்பியூட்டர் குரல் ஒண்டு இரிக்கி.” போட்டுக் காட்டினான். கிணற்றுக்குள் விழுந்த ஒரு பெண்மணி இந்தியத் தமிழில் உதவி கேட்பதுபோல் இருந்தது. சபை முகம் சுளித்தது.

ஹாஜியார் தன் போனை எடுத்தார். “நேத்து றமீஸ் மருமகன் மிச்சத்தையெல்லாம் வெட்டிட்டு முன்னுரைய மட்டும் எனக்குத் தந்த. இதக் கேளுங்க.”

முபாறக் செருப்புக் கிடந்த வாசல் பக்கம் பார்த்தார். ஆனால் வந்தது சலாமும் ‘கண்ணியத்துக்குரிய’வும் மட்டும்தான். பள்ளிவாசல் தூண்களுக்கிடையில் அந்தக் குரல் நிறைந்து நின்றது. வாலிபச் சிங்கங்கள் வந்த இடத்தில், மூலையில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு மரைக்கார் எழும்பி சலாமுக்குப் பதில் சொன்னார்.

“இதான் குரல்!” என்றார் பஸால். “சேர், நீங்கதான் பேசித் தரணும்.”

“எனக்கு நேரமில்ல மரைக்கார். கெம்பஸ் வேல...” 

மறுப்பது மரியாதை. மூன்று தரம் மறுப்பது பெரிய மனிதருக்கு அழகு. இரண்டாம் தரம் கேட்ட கையோடு, மூன்றாம் தரம் கேட்காமல் விட்டாலும் விடுவார்கள் என்று முபாறக்குக்கு ஒரு பயம் வந்தது. “சமூகத்துக்காகச் செய்றன்” என்றார்.

ஒரு மாதத்துக்குள் அந்தக் குரல் எல்லா இடமும் போய்விட்டது. சவளக்கடையில் வரம்பில் நின்றவர்களுக்கு “அஸ்ஸலாமு அலைக்கும். வாய்க்கால் திறந்தாச்சு” என்றது. பெரியநீலாவணைக் கரையில் “வணக்கம். இன்றைக்குக் காற்று பலம், தோணி இறக்கவேண்டாம்” என்றது. யாராவது மையத்தானால், வீட்டார் அழத் தொடங்குமுன் முபாறக்கின் குரல் இன்னாலில்லாஹி சொல்லிவிடும். கடைத்தெருவில் ஆட்கள் எழும்பி நின்றார்கள். சின்னப்பிள்ளைகள் அவரைப்போலக் கதைத்து விளையாடினார்கள். ‘சஹன்’ என்று தனியாக யாரும் சொல்வதில்லை. ‘முபாறக் சேர்ட சஹன்’ என்றுதான் சொன்னார்கள். ஒரு சங்கம் பொன்னாடை போர்த்தியது. அந்தச் சங்கத்தில் அவர் எந்தப் பதவியிலும் இல்லை. முபாறக்குக்கே அது புது அனுபவம். விழாப் பதாதையில் அவருடைய படம் ஆளுயரத்துக்கு. கீழே, பதாதையைக் கட்டிய கயிறு மறைக்கிற இடத்தில், ‘தொழில்நுட்ப உதவி: றமீஸ்’ என்று இருந்தது.

ஒரு பின்னேரம் றமீஸ் மதிலடிக்கு வந்தான். சாரன் இல்லை, நீளக்காற்சட்டை போட்டிருந்தான்.

“காக்கா.”

“சொல்லுங்க தம்பி.”

“புது வேர்ஷன் ஒண்டு செய்றன். அதுல குரல மாத்திப் பாப்பமா எண்டு ஒரு யோசன.”

“ஏன், ஆக்கள் ஏதும் குறை சொன்னாங்களா?”

“சே, இல்ல. நல்லமெண்டுதான் சொல்றாங்க.” அந்த ‘நல்லம்’ கசப்பு மருந்துபோல வெளியே வந்தது. “பொம்புளக் குரலெண்டா இன்னும் தெளிவா இரிக்குமாம். ஆராய்ச்சி சொல்லுது.”

“எந்த ஆராய்ச்சி?”

“பொதுவா.”

அந்தப் ‘பொதுவா’வின் எடை முபாறக்குக்குத் தெரியும். அதே எடையில் எத்தனையோ சொற்களை அவர் இந்த மதிலுக்கு மேலால் போட்டிருக்கிறார். பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பவரிடம் மனிதர்கள் மிச்சத்தையும் கொட்டிவிடுவார்கள் என்பதை அவர் பட்டுப் படித்தவர்.

“நேத்து வட்டையில ஒரு ஆள் என்னட்டக் கேக்கிறாரு” என்றான் றமீஸ், மதில் சீமெந்தை நகத்தால் சுரண்டியபடி, “தம்பி, நீங்க முபாறக் சேர்ட்டயா வேல செய்ற எண்டு. செஞ்சது நான், காக்கா. ஒரு வரி விடாம நான்தான் செஞ்ச.”

“ஆக்களுக்கு விளக்கமில்ல தம்பி. அடுத்த கூட்டத்துல நான் உங்கட பேரையும் சொல்லிர்றன்.”

‘பேரையும்’ என்பது றமீசின் முகத்தில் போய்க் குத்தியது. ஒரு கணம்தான். பிறகு சிரித்துக்கொண்டு, “தேவல்ல காக்கா” என்று சொல்லித் திரும்பினான். ஆனால் அந்த ஒரு கணத்தை முபாறக் கண்டுவிட்டார். இத்தனை காலமும் இந்தப் பையனில் தனக்குப் பிடிபடாமல் இருந்தது என்னவென்று அவருக்கு இப்போது விளங்கியது. மற்றது எல்லாம் இருந்தது அவனிடம். இது மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அதுவும் வந்துவிட்டது. அவன்மேல் அவருக்கு முதல்முறையாக ஒரு சொந்தக்காரப் பாசம் எழுந்தது.

குசினிக்குள் போனார். நஸீறா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

“புள்ள, அவருக்கு எரியுது” என்றார் இரகசியமாக.

“ஆருக்கு?”

“றமீசுக்கு. முகம் கறுத்துப் போச்சு. என்ட குரல மாத்தணுமாம். ஆராய்ச்சி சொல்லுதாம்.”

அடுத்தவன் எரிச்சலில் சந்தோசப்படுவது பாவம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலையும் தயார்செய்து வைத்திருந்தார். நஸீறா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். ஜன்னலால் மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள்.

“இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள். “கொஞ்சம் சத்தமா, நம்ம சஹன்ல சொல்ற மாதிரி. றுஸ்தா வாசல்லதான் நிக்கிறா.”